முதல் வாய் சோடா

“ஒம் பொண்ண எந்த ஸ்கூல்ல போடப் போற, டீச்சரம்மா?”

இந்தக் கேள்விக்கு என்னால் இன்னும் பதில் சொல்ல முடியவில்லை. கேட்டவர் சோடாக்கடை அம்மா. கேட்ட இடம், செங்கல்பட்டு ரயில் நிலையத்துக்கு வெளியே அவர்கள் புதிதாகப் போட்டிருக்கும் கடை. கேட்டது கோடை விடுமுறையின் நடுவில். இப்போது விடுமுறை முடியப் போகிறது. கேள்வியில் குத்தல் எதுவும் இல்லை. இருந்திருந்தால் நானும் கோபப்பட்டுத் தப்பித்திருப்பேன். காய்ச்சலுக்கு எந்த மாத்திரை நல்லது என்று தெரிந்தவரிடம் கேட்பதைப் போல, நம்பிக்கையோடு கேட்டார். பள்ளி திறப்பதற்குள் பதிலுக்காக வீட்டுக்கே வருவதாகச் சொல்லியிருக்கிறார். வாசலில் நிழல் தட்டினாலே அவரோ என்று எட்டிப் பார்க்கிறேன்.

அவரை நினைத்தால் முதலில் என் கண்ணுக்கு வருவது அவருடைய வலது கட்டைவிரல். கோவளத்துக்கும் மாமல்லபுரத்துக்கும் இடையில், கடற்கரையை ஒட்டிய ஊர் ஒன்றில் அவர்களுக்கு அப்போது கடை இருந்தது. பின்கட்டில் கணவர் பாட்டில் கழுவிக் காற்றடைப்பார். முன்னால் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு இந்த அம்மா வியாபாரம் பார்ப்பார். அந்த ஊர்க் கிணறுகள் பெரும்பாலும் உப்பு. சவுக்குத் தோப்பை ஒட்டிய ஒரே ஒரு கிணற்றில்தான் நல்ல தண்ணீர். அதனால் பஸ்ஸை விட்டு இறங்கும் வெளியூர்க்காரர்கள் சோடா கேட்பதற்கு முன், “எந்தக் கிணத்துத் தண்ணி?” என்று கேட்பார்கள். அவர் பதில் சொல்ல மாட்டார். கட்டைவிரலால் கோலியை அழுத்துவார். டப்பென்று சத்தம் வரும். பொங்கிவரும் சோடாவை வாய் படாமல் அண்ணாந்து ஒரு மிடறு தானே குடித்துவிட்டு, பிறகு பாட்டிலை நீட்டுவார். முகம் சுளித்தவர்கள் உண்டு. ஆனால் அதற்குமேல் யாரும் தண்ணீரைப் பற்றிக் கேட்டதில்லை.

அந்த ஊரின் பஞ்சாயத்து யூனியன் நடுநிலைப் பள்ளியில்தான் எனக்கு முதல் வேலை. ஆசிரியர் பயிற்சி முடித்த கையோடு போனேன். ஊரில் கோயில் தெரு, பள்ளிவாசல் தெரு, காலனி, மணலைத் தாண்டினால் மீனவர் குப்பம். எல்லாத் தெருப் பிள்ளைகளும் ஒன்றாம் வகுப்பில் இருந்தார்கள். ஆனால் எல்லாரும் ஒரே தரையில் உட்காரவில்லை. கோயில் தெருப் பிள்ளைகள் வீட்டிலிருந்து ஆளுக்கொரு ஓலைத் தடுக்கு கொண்டுவந்து விரித்துக்கொள்வார்கள். யாரும் அப்படி விதி போடவில்லை. யாரும் அதைக் கேட்கவும் இல்லை. ஐந்தாம் வகுப்பு முடிந்ததும் அந்தத் தடுக்குகள் ஒவ்வொன்றாகக் காணாமல் போகும். அந்தப் பிள்ளைகள் காலை பஸ் பிடித்து டவுன் பள்ளிக்குப் போய்விடுவார்கள். ஆறு, ஏழு, எட்டில் வெறும் தரை, வெறும் பிள்ளைகள். அதைப் பார்த்தே, “மேல் வகுப்புல இப்ப யாரு இருக்கா, எல்லாம் அவங்கதான்” என்று ஊர் பேசும். ‘அவங்க’ என்றால் யார் என்று விளக்க வேண்டியிருக்காது. நானும் ஒருமுறைகூட விளக்கம் கேட்டதில்லை.

ஜூன் மாதம் வந்தால் ஆசிரியர்கள் வீடுவீடாகப் போய்ப் பிள்ளைகளைக் கூப்பிட வேண்டும். இதற்கு ‘பிள்ளை பிடிக்கப் போவது’ என்று பெயர். மேல் வகுப்பில் பிள்ளைகள் குறைந்தால் ஓர் ஆசிரியர் வேலையிடம் வேறு ஊருக்குப் போய்விடும். கடைசியாகச் சேர்ந்தவள் நான். தலைமையாசிரியர் என்னைக் கூப்பிட்டு, “சோடாக்கடைப் பொண்ணு அஞ்சு முடிச்சிருக்கும்மா. வூட்ல நிறுத்தப் பாப்பாங்க. விட்டுடாதீங்க” என்றார். அந்தப் பெண்ணின் படிப்புக்காகப் போனேனா, என் வேலைக்காகப் போனேனா என்று இன்று யோசித்தால் இரண்டையும் பிரிக்கத் தெரியவில்லை. போனேன் என்பது மட்டும் தெரியும்.

வாசலில் பார்த்ததுமே அந்த அம்மா சிரித்தார். “வா டீச்சரம்மா. இன்னா, புள்ள புடிக்க வந்தியா?”

எனக்குக் கூசியது. ஆசிரியர்கள் தங்களுக்குள் மட்டும் சொல்லிக்கொள்வது என்று நினைத்திருந்தேன். மூத்த பெண்ணை ஆறாவதில் சேர்க்க வேண்டும், நன்றாகப் படிக்கிறாள் என்றேன்.

“அஞ்சு படிச்சாச்சு. பேரு எழுதுது, பஸ்ஸு போர்டு படிக்குது. போதாதா?”

“போதாது அக்கா.”

“அப்ப கோயில் தெரு பசங்க இன்னாத்துக்கு ஓடிப் போச்சுங்க? நல்ல ஸ்கூலா இருந்தா ஓடுவாங்களா? எம் பொண்ணு பக்கத்துல யாரு குந்தும் சொல்லு. குப்பத்துப் பொண்ணு குந்தும். தல பூரா பேனு. வாயத் தொறந்தா வசவு. நாலு வருசத்துல எம் பொண்ணும் அப்படியே பேசிகினு வந்து நிக்கும்.”

“பக்கத்துல யார் உட்கார்ந்தா என்ன அக்கா? சொல்லிக் கொடுக்கறது நாங்கதானே” என்றேன். பயிற்சிப் பள்ளியிலிருந்து வந்த புதிது. இந்த மாதிரி வாக்கியங்கள் கைவசம் நிறைய இருந்தன.

“செரி, ஒண்ணு கேக்கறேன். உங்க பெரிய சாரு பசங்க எங்க படிக்குது?”

தலைமையாசிரியரின் பிள்ளைகள் டவுன் பஸ்ஸில் போவது ஊருக்கே தெரியும்.

“கணக்கு சாரு பையன்? அதுவும் டவுனு. வாத்தியாரு வூட்டுப் புள்ள ஒண்ணாச்சும் கீதா அங்க? நான் விக்கிற சோடாவ நானே குடிச்சிக் காட்டிட்டுதான் தர்றேன். நீங்க விக்கிறத நீங்க வாயிலயே வெக்க மாட்டேன்றீங்களே!”

அப்போதுதான் அதைச் சொன்னேன். யோசித்துச் சொன்னதல்ல, தோற்கக் கூடாது என்று சொன்னதும் அல்ல. அந்த நிமிடத்தில் முழுசாக நம்பித்தான் சொன்னேன். “எனக்குக் கல்யாணமாகிக் குழந்தை பிறந்தா இந்த மாதிரி பள்ளியிலதான் அக்கா சேர்ப்பேன். குப்பத்துப் பிள்ளை பக்கத்துலதான் உட்காரும். வேணும்னா நீங்களே வந்து பாருங்க.”

“மொதல்ல மாப்ள வரட்டும் டீச்சரம்மா! அப்பால புள்ளய ஸ்கூல்ல போடுவ” என்று அவர் சிரிக்க, பின்கட்டிலிருந்து அவர் கணவர் குரல் கொடுத்தார்: “அந்தப் பொண்ணுக்கு ஒரு சோடா ஒடச்சிக் குடுமே. கத்திக் கத்தி தொண்ட பேஜாரா பூட்ச்சி பாரு.” அந்த அம்மா சோடா உடைத்தார். வழக்கம்போல ஒரு மிடறு அண்ணாந்து குடித்துவிட்டு என்னிடம் நீட்டினார். நான் தண்ணீரைப் பற்றிக் கேட்கவில்லை. அவர் மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை. மறுநாள் காலை மூத்த பெண் எண்ணெய் வைத்து வாரிய தலையோடு ஆறாம் வகுப்பு வாசலில் நின்றாள். குப்பத்திலிருந்து வரும், துறுதுறுவென்ற ஒரு பெண்ணின் பக்கத்தில் இடம் காட்டினேன்.

பள்ளி தொடங்கிக் கொஞ்ச நாளில் அந்த அம்மா கடைவீதியில் என்னை நிறுத்தினார். “ஒம் பேச்சக் கேட்டு அனுப்பிச்சேன் டீச்சரம்மா. பேனு வந்துடுச்சி. படிப்பு எப்ப வரும்?” சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், என் தலையிலும் அப்போது அரிப்பு இருந்தது.

படிப்பு வந்தது. ஆனால் எப்போது வந்தது, யாருக்கு வந்தது என்பதைச் சொன்னால்தான் நான் இன்று படும் வெட்கம் உங்களுக்குப் புரியும். அடுத்த வருடம் கணக்கு ஆசிரியர் மாற்றலாகிப் போனார். அந்த இடத்துக்கு வெகுநாள் யாரும் வரவில்லை. தேர்வு முடிவு மோசமாக வந்தது. ஆசிரியர் அறையில் தலைமையாசிரியர், “யார வெச்சிகினு ரிசல்ட் காட்டறது? வர்ற பசங்க அப்படி” என்றார். எல்லாரும் ஆமாம் என்றார்கள். பிறகு ஒரு புதுக் கணக்கு ஆசிரியர் வந்தார். பிள்ளைகள் மாறவில்லை, தெருக்கள் மாறவில்லை, தரைகூட அதே குழி விழுந்த தரைதான். அடுத்த முழுப் பரீட்சையில் அதே பிள்ளைகள் பின்னம் போட்டார்கள், வட்டிக் கணக்குப் போட்டார்கள். யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதைவிட யார் எதிரே நிற்கிறார்கள் என்பதுதான் முடிவைச் சொல்கிறது என்று கண்ணால் பார்த்தவள் நான். யாரோ சொல்லிக் கேட்டவள் அல்ல.

ஆனால் அதுவும் முழு உண்மை இல்லை. சோடாக்கடைப் பெண்ணுக்குப் பக்கத்தில் உட்கார்ந்த குப்பத்துப் பெண் கணக்கில் அவளைவிடக் கெட்டிக்காரி. அவள் ஏழாவதோடு நின்றுவிட்டாள். அம்மா மீன் கூடையோடு விடியற்காலை கிளம்பிவிடுவார். சின்னத் தம்பியைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை. நான் இரண்டு முறை குப்பத்துக்குப் போய்ப் பேசினேன். மூன்றாம் முறை போயிருக்கலாமோ என்று தோன்றும். போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று தெரியாது. ஒரே தரை, ஒரே டீச்சர். ஒருத்தி எட்டாவது தேறித் திருக்கழுக்குன்றம் உயர்நிலைப் பள்ளிக்குப் பஸ் ஏறினாள், ஒருத்தி ஏறவில்லை.

இதற்கிடையில் எனக்குக் கல்யாணம் ஆயிற்று. கணவருக்குச் செங்கல்பட்டில் உத்தியோகம். குழந்தை உண்டானதும் வேலையை விட்டேன். விடைபெறப் போனபோது சோடாக்கடை அம்மாவும் பிள்ளைத்தாய்ச்சியாக இருந்தார், வெகுகாலம் கழித்து இரண்டாவது. என் வயிற்றையும் தன் வயிற்றையும் மாறிமாறிப் பார்த்து, “ஒம் புள்ளயும் எம் புள்ளயும் ஒரே கிளாஸு பாத்துக்க” என்று சிரித்தார். இருவருக்குமே பெண் பிறந்தது. அவருக்கும் பெண்தான் என்பது எனக்கு இந்தக் கோடையில்தான் தெரியும்.

என் மகளுக்கு ஐந்து வயது நிறைந்துவிட்டது. எங்கள் தெருமுனையிலேயே நகராட்சி நடுநிலைப் பள்ளி இருக்கிறது. இங்கிருந்தே மணிச்சத்தம் கேட்கும். கணவரோ, தன் மேலதிகாரி மூலமாகக் கான்வென்ட்டில் ஓர் இடம் சொல்லி வைத்திருக்கிறார். பி.யு.சி. போய் பிளஸ் டூ வந்துவிட்ட காலம், இனி இங்கிலீஷ் இல்லாமல் ஒன்றும் நடக்காது என்கிறார். நான் அந்தப் பழைய பேச்சைச் சொன்னேன். “டீச்சரா இருந்தப்ப ஆயிரம் சொல்லியிருப்ப. அது வேலை. இது குழந்தை” என்றார். அவர் கெட்டவர் இல்லை. அவர் சொன்னது எனக்கு வலிக்கவில்லை என்பதுதான் எனக்கு வலித்தது. அதற்கு முந்தின நாள் என் மகள் குழாயடிப் பிள்ளைகளோடு விளையாடிவிட்டு வந்து, “இன்னாமா, துன்றதுக்கு ஒண்ணுமில்லியா?” என்று கேட்டாள். என்னை அறியாமல் அவள் வாயில் தட்டினேன். நாலு வருசத்துல எம் பொண்ணும் அப்படியே பேசிகினு வந்து நிக்கும் என்று சொன்ன அம்மாவுக்கு எவ்வளவு நியாயம் எடுத்துச் சொன்னேன்! எனக்குச் சொல்ல அன்று யாரும் இல்லை.

ஆனாலும் யாருக்கும் தெரியாமல் ஒரு காலைப் பொழுதில் தெருமுனைப் பள்ளிக்குப் போனேன். விடுமுறையிலும் தலைமையாசிரியர் வந்திருந்தார். வயதானவர், மரியாதையானவர். எத்தனை ஆசிரியர்கள், கணக்குக்கு ஆள் இருக்கிறார்களா என்று கேட்கத்தான் நினைத்துப் போயிருந்தேன். எது முக்கியம் என்று எனக்குத் தெரியுமே. ஆனால் வாயைத் திறந்ததும் வந்தது வேறு: “எந்தெந்தத் தெருப் பிள்ளைங்க சார் இங்க வர்றாங்க?”

இதைக் கேட்டுப் பழகியவர்போல அவர் குரலைத் தாழ்த்தினார். “கவலப்படாதீங்கம்மா. உங்க குழந்தைய ஏ செக்‌ஷன்ல போட்டுடறேன். ஏ-ல எல்லாம் நம்ம மாதிரி வீட்டுப் பசங்கதான். மத்ததெல்லாம் பி-ல.”

எழுதவே கை கூசுகிறது, ஆனாலும் எழுதுகிறேன். அதைக் கேட்டதும் எனக்கு நிம்மதியாக இருந்தது. ஒரு கணம்தான், ஆனால் உண்மையான நிம்மதி. கொடுத்த வாக்கையும் காப்பாற்றியதாகிவிடும், குழந்தையும் பத்திரமாக இருக்கும் என்று மனம் கணக்குப் போட்டுவிட்டது. வீட்டுக்குத் திரும்பும்போதுதான் தடுக்குகள் நினைவுக்கு வந்தன. அங்கே ஓலையால் செய்ததை இங்கே ஓர் எழுத்தால் செய்கிறார்கள்.

அதற்கு இரண்டொரு நாள் கழித்து, மகளைக் கூட்டிக்கொண்டு ரயில் நிலையப் பக்கம் போனபோதுதான் சோடாக்கடை அம்மா என்னைக் கண்டுபிடித்தார். “டீச்சரம்மா!” என்று தெருவே திரும்பிப் பார்க்கும்படி கூப்பிட்டார். முக்காடு அதே, சிரிப்பு அதே, முன்தலை மட்டும் நரைத்திருந்தது. மூத்த பெண் பதினொன்றாவது தேறி மூன்று வருடமாகிறதாம். டைப் படிக்க வசதியாக இருக்கட்டும் என்றுதான் குடும்பத்தோடு இங்கே வந்தார்களாம். “எல்லாம் ஒம் பேச்சு. அன்னிக்கு நீ வந்து கத்தலன்னா அது இந்நேரம் வூட்டுக்குள்ள குந்திகினு இருக்கும்” என்றார். குப்பத்துப் பெண்ணைப் பற்றி விசாரித்தேன். “அதுவா? மாபலிபுரத்துல வெள்ளக்காரங்களுக்குப் பாசிமணி விக்குது. இங்கிலீஷ்லயே பேரம் பேசுது. நீ சொல்லிக் குடுத்ததா?” என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அவருடைய சின்னப் பெண் ஒரு பெட்டிமேல் உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டிருந்தாள். என் மகள் ஏற்கெனவே அவள் பக்கத்தில் ஏறி உட்கார்ந்துவிட்டாள். அந்த அம்மா ஒரு சோடாவை எடுத்தார். என் மகள் என் முகத்தைப் பார்த்தாள். கோலியில் அவர் கட்டைவிரல் வைக்கும்போது நான் கேட்டேன், “எந்தத் தண்ணி அக்கா?”

அத்தனை வருடத்தில் ஒருநாளும் நான் அவரிடம் கேட்காத கேள்வி. அவர் விரல் அப்படியே நின்றது. பிறகு டப்பென்ற சத்தம். அண்ணாந்து ஒரு மிடறு குடித்தார், வெளியூர்க்காரர்களுக்குக் குடித்துக் காட்டுவதைப் போலவே. முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டு, பாட்டிலை என் மகளிடம் கொடுத்தார். “முனிசிபாலிட்டி தண்ணிதான் டீச்சரம்மா. ஒங்க வூட்ல வர்றதுதான்.”

அவர் முகத்தில் வருத்தம் இருந்ததா என்று பார்க்க எனக்குத் துணிவில்லை. அதற்குப் பிறகுதான் அந்தக் கேள்வியைக் கேட்டார். நான், “இன்னும் சேர்க்கல அக்கா” என்றேன். பொய் இல்லை, ஆனாலும் பொய்தான். “அப்ப நல்லதாப் போச்சு. எனக்கு இந்த ஊரு புதுசு. முனிசிபாலிட்டி ஸ்கூலா, கான்வென்ட்டா, ஒண்ணும் தெரியல. தலையை அடமானம் வெச்சாவது நல்ல எடத்துல போடணும்னு கீது. நீ மொதல்ல போடு. பின்னாலயே நான் போடறேன்” என்றார். என் முகவரியைக் கேட்டு வாங்கிக்கொண்டார். சின்னவர்கள் இருவரும் காலி பாட்டிலை ஆட்டி, உள்ளே கோலி உருளும் சத்தத்தைக் காதில் வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். கிளம்புவதற்குள் என் மகள் அழுதாள்.

கான்வென்ட் என்று சொன்னால், அவர் சக்திக்கு மீறி அதற்குப் பின்னால் ஓடுவார். அங்கே அவர் பெண்ணுக்கு இடம் கிடைக்காது என்பதும் எனக்குத் தெரியும். தெருமுனைப் பள்ளி என்று சொன்னால், இரண்டு பேரையும் ஒரே வாசலில் கொண்டுபோய் விடலாம். உள்ளே போனதும் ஒருத்தி ஏ, ஒருத்தி பி. தலைமையாசிரியரிடம் போய், என் பெண்ணை பி-யில் போடுங்கள் என்று கேட்கலாம் என்று இரவெல்லாம் நினைக்கிறேன். காலையில் குழந்தை தூங்கும் முகத்தைப் பார்த்ததும் அந்தத் துணிவு போய்விடுகிறது. ஏ, பி என்று பிரிக்காதீர்கள் என்று கேட்க நான் யார்? ஒரு தாய், அவ்வளவுதான். முன்னாள் டீச்சர் என்று வேண்டுமானால் சொல்லிக்கொள்ளலாம்.

இதைப் படிக்கிறவர்களைக் கேட்கிறேன். அந்த அம்மா என் வாசலுக்கு வரும்போது நான் என்ன பதில் சொல்ல வேண்டும்? பிள்ளை பெற்றவர்கள் யாராவது யோசித்து எழுதுங்கள். கண்டிப்பாகவே எழுதலாம், கோபித்துக்கொள்ள மாட்டேன். ஒன்றே ஒன்று. எனக்குச் சொல்லும் பதிலுக்கு முன்னால், உங்கள் பிள்ளையை எங்கே சேர்த்திருக்கிறீர்கள் என்பதையும் ஒரு வரி எழுதிவிடுங்கள்.